மூலைக்குப் போன பந்து

பந்து என் கையில் இருந்தது. எனக்கு முன்னால் யாரும் இல்லை.

கூடைப்பந்து ஆடியவர்கள் இதைப் படித்தால், "அப்புறம் என்ன, எறிய வேண்டியதுதானே?" என்பார்கள். நானோ எறியவில்லை.

பதுளையில் பின்னேரத்து மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சிமெந்துத் தளத்தைச் சாக்குப் போட்டுத் துடைத்திருந்தோம். ஆனாலும் வளையத்துக்குக் கீழே ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மாதா கோயில் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்த பொடியன்கள் கடலைத் தோலை உள்ளே ஊதிக்கொண்டே கத்தினார்கள்.

"அடிங்க அக்கா! அடிங்க!"

நான் வலது மூலையைப் பார்த்தேன். அங்கே எங்கள் புஷ்பம் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி என்று பண்டாரவளை அணிக்காரிகள் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

சுவரோரத்தில் ஊதா நிறக் குடைக்குக் கீழே ஒரு மெடம் உட்கார்ந்திருந்தார். கொழும்புப் பக்கத்துக் கார்மென்ட், அதாவது ஆடைத் தொழிற்சாலை, ஒன்றின் விளையாட்டுப் பொறுப்பாளர். அவர்களுடைய பெண்கள் அணிக்கு ஆள் தேடி வந்திருந்தார். அணியில் சேர்த்தால் வேலை, வேலையோடு தங்குமிடம். அவர் பார்க்க வந்தது புஷ்பத்தை. புஷ்பத்தின் கைக்குப் பந்தே போகாவிட்டால் அவர் எதைப் பார்த்துவிட்டுப் போவார்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நாங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லாவிட்டால், நான் ஏன் அப்படி மரம் மாதிரி நின்றேன் என்பது விளங்காது.

அடுப்பை அணைத்தேனா?

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் குணம் பழகியிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் எதற்கும் பயப்படுகிறவள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிலையம்வரை வந்து, அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி ஓடுகிறவள்.

அம்மா படுக்கையில் விழுந்ததும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு பதுளை கடைவீதியில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை. டெலிபோன் பேச வருகிறவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்புவது, போட்டோகொப்பி எடுத்துக் கொடுப்பது, மின்சாரம் போனால் வாசலில் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது. மின்சாரத்தை நான் நிறுத்தியது மாதிரி.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது குறைந்திருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்பிள்ளைகள் கோயில் வளவில் நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். அப்படி நின்று பேசியதில்தான் எங்கள் அணி உண்டானது.

ஆரம்பித்து வைத்தவர் ரஞ்சினி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊர் வங்கியில் கிளார்க்காக வந்தவர். பள்ளிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். கோயில் பின்புறத்தில் இருந்த தளத்தைக் காட்டி ஒரு நாள் கேட்டார்.

"பிள்ளையள், இந்த வளையம் சும்மா துருப்பிடிச்சுக்கொண்டு நிக்குது. நாங்கள் ஏன் விளையாடக் கூடாது?"

"அக்கா, நாங்க நெட்போல்தான் ஆடியிருக்கோம்," என்றாள் கமலா. அவளும் புஷ்பமும் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். கோயில் மடத்துச் சிஸ்டர்மார் நடத்திய தையல் வகுப்புக்காக ஞாயிறுதோறும் பசறை பஸ்ஸில் டவுனுக்கு வருவார்கள்.

"அதுவும் பந்துதானே பிள்ளை?"

அதுவும் பந்துதான். ஆனால் அது வேறு பந்து என்பதை முதல் ஆட்டத்தில் தெரிந்துகொண்டோம்.

அசையாத ஐந்து பேர்

தெரியாதவர்களுக்கு: நெட்போல் என்கிற வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் நின்றுவிட வேண்டும். தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. ஒவ்வொருத்திக்கும் இன்ன இடம் என்று எல்லை உண்டு, கோட்டைத் தாண்டினால் விசில். கூடைக்குள் எறியும் உரிமை அணியில் இரண்டே பேருக்கு. பள்ளியில் நான் 'சென்டர்'. ஓடி ஓடிப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். சென்டர் கூடைக்கு எறியவே கூடாது.

பண்டாரவளை அணியோடு முதல் ஆட்டம். அன்றைக்கு ரஞ்சினி அக்கா எங்கள் ஐந்து பேரையும் இறக்கிவிட்டு வெளியே நின்று பார்த்தார். கமலாவிடம் பந்து வந்தது. அவளுக்கு முன்னால் வளையம்வரை பாதை திறந்து கிடந்தது. அவள் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு சிலையாக நின்றாள்.

"ஓடுடி!" என்று புஷ்பம் கத்தினாள்.

"ஓடுனா விசில் ஊதுவாங்கடி!"

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தங்கச்சி, ஓடலாம்," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் அன்புடன் சொன்னார். கமலா அப்போதும் நம்பவில்லை.

நடுக் கோட்டுக்கு வந்தால் எங்களில் ஒருத்தி பிரேக் போட்டு நின்றுவிடுவாள். இன்னொருத்தி தப்பித்தவறிக் கோட்டைத் தாண்டிவிட்டு, "சொரி சேர்" என்று பின்னால் வந்தாள். எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்று கேட்காதீர்கள். பலகையில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த பொடியனே கடைசியில் சோக்கைக் கீழே வைத்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் நான் படியில் உட்கார்ந்து அழுதேன். ரஞ்சினி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ட கடவுளே, ஐஞ்சு பேரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிண்டனீங்கள்!"

அந்தப் பழக்கம் முழுக்க வீணாகவும் இல்லை. வலைப்பந்தில் பந்தை வைத்திருக்க நேரம் தரமாட்டார்கள். அதனால் எங்களுக்குப் பந்தை உடனே அடுத்த கைக்குத் தள்ளிவிடும் வேகம் இருந்தது. அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருந்தது. புஷ்பம்.

பாதி மந்திரம்

புஷ்பம் வலைப்பந்தில் கூடைக்கு எறிகிற இருவரில் ஒருத்தி. அவர்கள் தோட்டத்துப் பாடசாலையில் வலைப்பந்துக் கம்பத்தை மலைச் சரிவின் விளிம்பில் நட்டிருந்தார்களாம். குறி தவறினால் பந்து தேயிலைக்குள் உருண்டு கீழ்மலைக்குப் போய்விடும். எறிந்தவளே போய் எடுத்துவர வேண்டும்.

"அட்டைக்கடி வாங்கி வாங்கித்தான் அக்கா எறியப் பழகுனேன்," என்று பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கித் தழும்புகளைக் காட்டினாள்.

கூடைப்பந்தில் வளையத்தைச் சுற்றிப் பெரிய அரைவட்டமாக ஒரு கோடு உண்டு. அதற்கு உள்ளே நின்று போட்டால் இரண்டு புள்ளி, வெளியே நின்று போட்டால் மூன்று. எங்கள் தளத்தில் அந்தக் கோடு அழிந்து போயிருந்தது. ரஞ்சினி அக்கா சுண்ணாம்பு கரைத்து, கயிறு பிடித்து, புதிதாகப் போட்டார். அது காய்வதற்குள் புஷ்பம் கோட்டுக்கு வெளியே மூலையில் போய் நின்று, "இங்கேயிருந்து போடலாமா அக்கா?" என்று கேட்டு எறிந்தாள். பந்து வளையத்தின் இரும்பைத் தொடவே இல்லை. வலை மட்டும் 'சர்'ரென்றது.

ரஞ்சினி அக்கா பந்தை எடுத்து அவளிடமே கொடுத்தார். மறுபடியும் 'சர்'.

ஆனால் புஷ்பத்துக்கு அவசரம் ஆகாது. இரண்டு காலையும் ஊன்ற வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், பந்தைத் தலைக்கு மேல் தூக்கி வளையத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். பிறகுதான் எறிவாள். அதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கமலா பக்கத்தில் நின்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

"பாதி மந்திரம் அக்கா. அதுக்குள்ள எவளாவது வந்து கையைத் தூக்குனா போச்சு."

ஆக, எங்கள் அணியின் வேலை அதுவாகிவிட்டது. கோட்டுக்கு வெளியே புஷ்பத்தைப் பாதி மந்திர நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் தனியாக நிற்க வைப்பது.

இரண்டு போட்டோகொப்பி

ஒரு நாள் புஷ்பம் கடைக்கு வந்தாள். வார நாளில் அவள் டவுனுக்கு வருவதில்லை. அடையாள அட்டையை நீட்டி, இரண்டு பிரதி வேண்டும் என்றாள்.

"எதுக்குடி?"

"பாஸ்போட் எடுக்க. அம்மா சொல்லிருச்சு அக்கா. ஏஜென்ட் வந்து பேசிட்டுப் போயிட்டாரு."

"வெளிநாட்டுக்கா?"

"வீட்டு வேலைக்கு." மெஷின் வெளிச்சம் அவள் முகத்தில் ஓடி மறைந்தது. "எங்க சின்னம்மா போயிட்டு வந்துச்சுல. ஒரே வீட்டுக்குள்ளயே இருக்கணுமாம். வாசலுக்குக்கூட வர ஏலாதாம். வந்து ஒரு மாசம் யாருகிட்டயும் பேசல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படித்தான், அழ வேண்டியதையெல்லாம் சிரித்துச் சொல்வாள்.

அன்று கடையில் நான் கொடுத்த மீதிச் சில்லறை எல்லாம் பிழை. சாயங்காலம் நேரே ரஞ்சினி அக்காவின் அறைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "பொறும் பிள்ளை," என்றார். வங்கியில் அவரோடு வேலை செய்தவர் ஒருவரின் தங்கை கொழும்புப் பக்கத்துக் கார்மென்டில் இருந்தாள். அந்தத் தொழிற்சாலையின் கூடைப்பந்து அணியில் இரண்டு பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். தூரத்திலிருந்து போடுகிற ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பண்டாரவளை அணி மறுபடி எங்களோடு ஆட வருகிற ஞாயிறு, அந்த மெடமை வரவழைக்க முடியும்.

புஷ்பம் வீட்டில் கேட்டாள். அவளுடைய அம்மா நியாயமான மனுஷி. "கார்மென்ட்ல வேலை கெடச்சா போ. கெடைக்கலைன்னா ஏஜென்ட் சொன்னதுதான்," என்று சொல்லிவிட்டார். பாஸ்போட் விண்ணப்பம் அதுவரை அலுமாரிக்கு மேலே கிடக்கும் என்று முடிவானது.

இதைக் கேட்ட நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் பந்தை நடுக் கோட்டைத் தாண்டி முன்னால் கொண்டுபோவது நான். ரஞ்சினி அக்காவை விட்டால் தட்டிக்கொண்டு ஓடத் தெரிந்தவளும் அப்போது நான் மட்டும்தான்.

நெரை மாத்து

பண்டாரவளைக்காரிகள் ஆளைப் பார்த்துக் காவல் நிற்பதில்லை, இடத்தைப் பார்த்து நிற்பார்கள். முன்னால் இரண்டு பேர், வளையத்தை ஒட்டிப் பின்னால் மூன்று பேர். யார் எந்த இடத்துக்குள் வந்தாலும் அந்த இடத்துக்காரி பார்த்துக்கொள்வாள். புஷ்பம் ஒரே மூலையில் நின்றால், அந்த மூலைக்காரிக்கு வேலை சுலபம்.

ரஞ்சினி அக்கா சோடா மூடிகளைப் படியில் பரப்பி விளக்கினார். பந்து ஒரு பக்கமாகப் போக வேண்டும். எல்லோருடைய கண்ணும் பந்தோடு போகும். அந்த நேரம் புஷ்பம் வளையத்துக்குப் பின்னால், கடைசிக் கோட்டை ஒட்டி ஓடி, மற்ற மூலைக்குப் போய்விட வேண்டும். பந்து சுற்றி அங்கே வரும்.

புஷ்பம் தலையாட்டினாள். முதல் தடவை நடுவால் ஓடி ரஞ்சினி அக்காவின் மேலேயே மோதினாள். இரண்டாம் தடவையும் மோதினாள். மூன்றாம் தடவை நகரவே இல்லை.

"என்ன பிள்ளை, ஏன் நிக்கிறீர்?"

"அந்த மூலை கமலா நிக்கிற எடம் அக்கா. அங்க போயி நான் எப்படி..."

ரஞ்சினி அக்காவுக்கு விளங்கவில்லை. டவுன்காரியான எனக்கும் விளங்கவில்லை. கமலாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மலையில் கொழுந்தெடுக்கும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அவள் நிரைக்குள் இன்னொருத்தி கை வைத்தால் பெரிய சண்டை வரும். குறுக்கே புகுந்து போவதும் கூடாது. புஷ்பம் விடுமுறை நாட்களில் அம்மாவோடு மலைக்குப் போய் வளர்ந்தவள். அவள் காலுக்கு அந்த மூலை கமலாவின் நிரை.

கமலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏய், ஒன் நெரை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்க. அடுத்த நெரைக்கு எப்படிடி போவ?"

"ஓரத்தால சுத்தி."

"அப்ப ஓரத்தால சுத்திப் போ! என் நெரையை ஒனக்குக் குடுத்தாச்சு. நான் உள்ள போயிர்றேன்."

புஷ்பம் சுற்றி ஓடினாள். கடைசிக் கோட்டை ஒட்டி, யார் மேலும் படாமல், குனிந்த தலை நிமிராமல், கொழுந்துக் கூடை முதுகில் இருக்கிற மாதிரியே ஓடினாள். மற்ற மூலையில் போய்த் திரும்பி நின்றபோது அவளைச் சுற்றி ஒருத்தரும் இல்லை.

"அட, இதைச் சொல்லத்தானே நான் இவ்வளவு நேரம் மூடி உருட்டினனான்!" என்றார் ரஞ்சினி அக்கா. அன்றிலிருந்து அந்த ஆட்டத்துக்கு எங்களுக்குள் பெயர் "நெரை மாத்து". பண்டாரவளைக்காரிகளுக்கு அது என்னவென்று எந்த மொழியிலும் விளங்காது என்பது கூடுதல் வசதி.

இடத்தை விட்டுக்கொடுத்து உள்ளே வந்த கமலாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மூலைக்காரி புஷ்பத்தைத் துரத்தப் போகிற வழியில் போய் அசையாமல் நிற்பது. கூடைப்பந்தில் கையை நீட்டாமல், நகராமல் நின்று வழியை அடைத்தால் குற்றமில்லை. அசையாமல் நிற்பதில் எங்களை மிஞ்ச இந்த ஊவா மாகாணத்திலேயே ஆள் கிடையாது.

கையில் வைத்துக்கொண்டு பயப்படும்

எல்லாம் சரியாக வந்தது, என்னைத் தவிர.

என் வேலை இது. முன்னால் நிற்கும் இரண்டு காவல்காரிகளுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு நுழைய வேண்டும். இரண்டு பேரும் என்னை நோக்கி வரும்வரை பந்தை வைத்திருக்க வேண்டும். வந்த பிறகுதான் ரஞ்சினி அக்காவுக்குக் கொடுக்க வேண்டும். அவர் மூலைக்குத் தள்ளுவார். அவர்கள் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் யாரும் தங்கள் இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள். புஷ்பத்திடம் பந்து போய்ச் சேரும்போது காவல்காரியும் போய்ச் சேர்ந்திருப்பாள்.

நான் ஒவ்வொரு தடவையும் முன்பே கொடுத்தேன்.

"ஏன் பிள்ளை, பந்து சுடுதோ?"

"பறிச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு அக்கா."

"இங்க ஒருத்தரும் இல்லையே பறிக்க! நானும் கமலாவும்தானே நிக்கிறம்."

"அதான் அக்கா, நீங்க பறிச்சிருவீங்களோன்னு."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சரி. பயப்பிடுறதெண்டா பயப்பிடும். ஆனா பந்தைக் கையில வச்சுக்கொண்டு பயப்பிடும்," என்றார்.

எனக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பயப்படாதே, பயப்படாதே என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். பயந்துகொண்டே செய்யலாம் என்று ஒரு அனுமதி கிடைத்தது மாதிரி இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ளப் பந்தைத் தட்டினேன். பிறகு காவலுக்கு வந்து நின்ற எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி என்னை நோக்கி வந்தாள். இன்னும் வைத்திருந்தேன். இரண்டாவது ஆள் வந்தாள். கொடுத்தேன். ரஞ்சினி அக்காவிடமிருந்து மூலைக்குப் போனது. கமலாவின் உதடு பாதி மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் வலை 'சர்'ரென்றது.

பயந்த சுபாவத்தால் ஒரு நன்மையும் உண்டென்று அந்த நாட்களில் கண்டேன். எனக்கு ஒரு இடத்தில் கண் நிற்காது. யார் எங்கே, யாரைக் காணவில்லை, யார் தனியாக நிற்கிறாள் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் அதைப் பழகி எடுக்க வேண்டும். எனக்கு அது வியாதியாகவே இருந்தது.

விசில் ஊதவில்லை

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பலாம்.

முதல் பாதி நாங்கள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. "நெரை மாத்து!" என்று கமலா கத்துவாள், புஷ்பம் ஓரத்தால் சுற்றுவாள், பந்து போகும். ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவது வளையத்தில் பட்டுத் தெறித்தாலும் மெடம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் விழித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு நெட்டைக்காரி இருந்தாள், நல்ல பிள்ளை, ஆட்டத்துக்கு முன் எங்களுக்கு விளாம்பழம் கொண்டுவந்து கொடுத்தவள். அவள் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேர் இடத்தை மறந்துவிட்டுப் புஷ்பத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். அவள் ஓரத்தால் சுற்றினால் அவர்களும் சுற்றினார்கள்.

ஒருத்தியைப் பார்க்க இரண்டு பேர் போனால், எங்கேயோ ஒருத்தியைப் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த ஒருத்தி நான். சும்மா பந்தைக் கொடுத்துவிடுகிறவள்தானே என்று என்னை விட்டுவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே, வளையத்துக்கு நேர் எதிரே, என் கையில் பந்தோடு நான் தனியாக நின்றேன்.

"ஸ்டெல்லா, எறியும்!" என்று ரஞ்சினி அக்கா கத்தினார்.

என் கை எழவில்லை. சென்டர் எறியக் கூடாது என்பது மூளைக்குள் இருந்திருந்தால் நான் மாற்றியிருப்பேன். அது முழங்கைக்குள் இருந்தது. பந்தை ரஞ்சினி அக்காவிடமே தள்ளினேன். அவர் எதிர்பார்க்கவில்லை. பந்து அவர் விரலில் பட்டு அவர்கள் கைக்குப் போய்விட்டது. சுவரில் இருந்த பொடியன்கள் தலையில் கை வைத்தார்கள்.

திரும்பி ஓடும்போது புஷ்பம் என் பக்கத்தில் வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, நீங்க போடாட்டி இவளுங்க என்னைய விட மாட்டாளுங்க."

"தவறிட்டா?"

"தவறட்டுமே. நீங்களும் போடுவீங்கன்னு இவளுங்களுக்குத் தெரியணும்ல?" பிறகு, சிரிக்காமல் சொன்னாள். "எனக்குப் போக வேணாம் அக்கா, அந்த வீட்டுக்கு."

அவள் சிரிக்காமல் சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அடுத்த முறை பந்து வந்ததும் எறிந்தேன். இரும்பில் 'டங்' என்று அடித்து வெளியே போனது. ஒன்றும் ஆகவில்லை. வானம் அப்படியே இருந்தது, பார்க்க வந்திருந்த தையல் வகுப்பு சிஸ்டர் அப்படியே கைதட்டினார், பொடியன்கள் அப்படியே கத்தினார்கள். காவல்காரிகளும் அப்படியே புஷ்பத்தோடு நின்றார்கள். அதற்கடுத்த முறை மறுபடி எறிந்தேன். பந்து பலகையில் மோதி, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

நான் உடனே நடுவரைப் பார்த்தேன். விசில் ஊதி, சென்டர் எறிந்தது செல்லாது என்று சொல்வார் என்றே நினைத்தேன். அவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகு வந்த தடவை நெட்டைக்காரி புஷ்பத்தை விட்டுவிட்டு என்னை நோக்கி வந்தாள். இரண்டே எட்டுத்தான். பயமாகத்தான் இருந்தது. பந்தை வைத்திருந்தேன். இன்னொருத்தியும் வந்தாள். இன்னும் வைத்திருந்தேன்.

"நெரை மாத்து!"

கமலா தன் இடத்தில் கல்லாக நின்றாள். புஷ்பம் ஓரத்தால் சுற்றினாள். நான் கொடுத்தேன், ரஞ்சினி அக்கா தள்ளினார். இடது மூலையில் புஷ்பம் காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, வளையத்தைப் பார்த்தாள். நேரம் இருந்தது. அவளுக்கு வேண்டிய முழு நேரமும் இருந்தது.

விழுந்தது. பிறகு இன்னும் சில விழுந்தன, எத்தனை என்று நினைவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றோம் என்பது என் ஞாபகம். வென்றோம் என்று கமலா இன்றைக்கும் சாதிக்கிறாள்.

மெடமிடம் கேட்ட கேள்விகள்

ஆட்டம் முடிந்ததும் மெடம் புஷ்பத்தைக் கூப்பிட்டார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மெடம் சிங்களத்தில் கேட்டார்: தையல் மெஷின் ஓட்டத் தெரியுமா? புஷ்பம் தலையாட்டினாள். எப்போது வர முடியும்?

புஷ்பம் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். தங்குமிடத்துக்குப் பூட்டு இருக்கிறதா? தண்ணீர் உள்ளேயே வருமா, வெளியே போய் எடுக்க வேண்டுமா? இரவு வேலை விட்டால் அழைத்துவர வாகனம் உண்டா? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? ஞாயிறு பூசைக்குக் கோயில் எவ்வளவு தூரம்? நினைத்தால் வீட்டுக்கு வரலாமா?

மெடம் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் புஷ்பத்திடம் கேட்டார். "இவங்க யார், அம்மாவா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் அவளுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம்.

"போதும் அக்கா, நான்தானே போறேன்," என்று புஷ்பம் என் கையை அமுக்கினாள். பிறகு மெடம் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், எப்போது வேண்டுமானாலும் வருகிறேன் என்றாள். நான் அப்போதும் குளியலறை எத்தனை பேருக்கு ஒன்று என்று கேட்க இருந்தேன்.

என்னையும் கூப்பிட்டுவிடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? மெடம் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்காக வீடு போய்ச் சேரும்வரை கவலைப்பட்டேன்.

அந்த மாதமே புஷ்பம் போய்விட்டாள். முதல் தடவை அவள் டெலிபோன் எடுத்தபோது அவளுடைய அம்மா தோட்டத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்து காத்திருந்தார். பேசி முடித்து வெளியே வந்து, "நல்லா சாப்புடுறாளாம். வாசல்ல நின்னுதான் பேசுறாளாம்," என்றார். எந்த வாசல், என்ன வாசல் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

சிஸ்டரின் கோவாப் பாத்தி

அவள் போன அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் பயிற்சி. புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள், அவர்களும் பந்தைப் பிடித்தால் நிற்கிறவர்கள். நான் தட்டிக்கொண்டு நுழைந்தேன். இரண்டு பேர் வரும்வரை வைத்திருந்தேன். பிறகு, பார்க்காமலேயே, மூலைக்கு எறிந்தேன்.

மூலையில் யாரும் இல்லை. பந்து ஒரு முறை குதித்து, கட்டைச் சுவரைத் தாண்டி, சிஸ்டர் வெலிமடையிலிருந்து கன்று வாங்கி வந்து நட்டிருந்த முட்டைக்கோவாப் பாத்திக்குள் விழுந்தது.

"யாரது? என் கோவாவுக்கு மேல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்த வெறும் மூலையைப் பார்த்தேன்.

கமலா சுவர் ஏறிக் குதித்து, சிஸ்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மண் ஒட்டிய பந்தோடு வந்தாள். அதைப் பாவாடையில் துடைத்து என்னிடம் போட்டாள். தன் இடத்துக்குப் போகவில்லை. கடைசிக் கோட்டை ஒட்டி ஓரத்தால் சுற்றி, அந்த மூலையில் போய் நின்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"இப்ப எறிங்க அக்கா."

"ஒனக்குத் தூரத்துல இருந்து போட வராதேடி?"

"நிக்க வரும்ல. எறிங்க."

எறிந்தேன். அவள் போட்ட பந்து வளையத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. மழை பிடிக்கும்வரை எறிந்துகொண்டே இருந்தோம்.